பனி ஓராண்டு கொட்டுவதும் மறு ஆண்டு பொய்ப்பதும் ஏன்?

2024 ஜனவரியில், பொங்கலுக்கு இரண்டொரு நாள் இருக்கையில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். தொலைக்காட்சியில் காஷ்மீரத்தின் குல்மார்க் மலைச்சரிவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதத்தில் முழங்காலளவு பனி கிடக்க வேண்டிய சரிவு, காய்ந்த புல்லும் மண்ணுமாகப் பழுப்பாகக் கிடந்தது. காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "இன்னாண்ணா இது, காஷ்மீர்லயே பனி இல்லன்றான், நம்ம ஊர்ல விடிகாலைல வண்டி ஓட்ட முடியாம கொட்டுது?" பக்கத்தில் இருந்த பெரியவர் முந்திக்கொண்டு, "உலகமே சூடாயிடுச்சுப்பா, இனிமே அங்க பனியே கிடையாது" என்றார். அம்மாதக் கடைசியில் குல்மார்க்கில் பனி விழத் தொடங்கியது. பிப்ரவரியில் அங்கே குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே நடந்தன. உடனே அதே கடையில் வேறொருவர், "சூடாவது கீடாவது, எல்லாம் சும்மா" என்று முடிவு கட்டிவிட்டார்.

மூவரும் கண்ணால் கண்டதைத்தான் பேசினார்கள். ஆனால் தம்பியின் கேள்வியில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. மற்ற இருவர் பேச்சில், ஒரே ஒரு குளிர்காலத்தை வைத்து உலகத்தைக் கணிக்கும் அவசரம் இருக்கிறது. பனியைக் கண்ணால் பார்த்திராத ஊரில் வாழும் நாம் இந்த இரண்டிலும் எளிதில் விழுந்துவிடுகிறோம். அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுத நினைத்தேன்.

ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள்

தமிழில் 'பனி' என்ற சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. மார்கழி விடியலில் வியாசர்பாடி மேம்பாலத்தில் எதிர்வரும் வண்டியை மறைப்பது மூடுபனி. தரையை ஒட்டிய காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து, மிக நுண்ணிய நீர்த்துளிகளாகி மிதப்பதே அது; மேகம் தரைக்கு இறங்கி வந்ததைப் போன்றது. அதே விடியலில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை நனைத்திருப்பது பனித்துளி. உதகைக்கு அருகே தலைகுந்தாவில் புல்வெளி உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடப்பது உறைபனி. இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகும்போது, காற்றின் ஈரம் அந்த இடத்திலேயே படிகமாக ஒட்டிக்கொள்கிறது. அங்கே வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை. எனவே 'உதகையில் பனிப்பொழிவு' என்று செய்தியில் வந்தால், பெரும்பாலும் அது உறைபனிதான்.

வானத்திலிருந்து விழுவது வெண்பனி. உயரத்தில், குளிர்ந்த மேகத்துக்குள் நீராவி படிகங்களாக வளர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, உருகாமல் தரைவரை வந்து சேர்வதே வெண்பனி. இனி இக்கட்டுரையில் 'பனி' என்று நான் எழுதும்போதெல்லாம் இதை மட்டுமே குறிப்பிடுகிறேன்.

தம்பியின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. மூடுபனிக்கும் உறைபனிக்கும் தெளிந்த வானமும் அசையாத காற்றும் வேண்டும். வெண்பனிக்கோ திரண்ட மேகமும் அதைச் சுமந்துவரும் காற்றுச் சுழலும் வேண்டும். இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரான வானிலைகள். 2024 ஜனவரியில் மேகம் சுமந்த சுழல்கள் இமயத்துக்கு வராததால்தான் குல்மார்க் காய்ந்து கிடந்தது. அதே நாட்களில் வட இந்தியச் சமவெளி அடர்ந்த மூடுபனியில் மூழ்கியிருந்தது. ஆக, பனி இல்லாத மலையும் மூடுபனி சூழ்ந்த சாலையும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

தோசையும் ஊத்தப்பமும்: எதை அளக்கிறோம்?

ஒரே கரண்டி மாவை மெல்லியதாக இழுத்தால் கல் முழுக்கத் தோசை. இழுக்காமல் விட்டால் கையகல ஊத்தப்பம். தோசை அகலமாக இருக்கிறது என்பதற்காக அதில் மாவு அதிகம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பனி விஷயத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பனியில் மூன்று வெவ்வேறு அளவுகள் உண்டு. எவ்வளவு நிலம் வெள்ளையால் மூடப்பட்டிருக்கிறது என்பது பனிப்பரப்பு. ஓரிடத்தில் அது எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது பனியாழம். அந்தப் பனி முழுவதையும் உருக்கினால் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பது பனியின் நீர்ச்சமானம். புதிதாக விழுந்த 10 சென்டிமீட்டர் பனி உருகினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தண்ணீர் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. உலர்ந்த பஞ்சுப் பனி என்றால் அதைவிடக் குறைவாகவும், ஈரப்பனி என்றால் அதைவிட அதிகமாகவும் கிடைக்கும். புழல் ஏரியைப் பற்றிப் பேசும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கரைவரை தளும்புகிறதா என்று கண்ணால் பார்த்தாலும், முடிவில் 3,300 மில்லியன் கன அடிக் கொள்ளளவில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்கிறோம். பனிக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இம்மூன்றில் உலக அளவில் நீண்ட காலமாகத் தொடர்ந்து அளக்கப்பட்டு வருவது பனிப்பரப்பு. 1966ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு வட அரைக்கோளத்தின் பனிப்பரப்பு வரைபடமாக்கப்பட்டு வருகிறது. ஜனவரி மாதத்தில் அது சராசரியாக ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைப் போலப் பதினான்கு மடங்கு. ஆகஸ்டில் அதுவே 30 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அதிலும் பெரும்பகுதி கிரீன்லாந்து. ஒவ்வோர் ஆண்டும் பூமி இவ்வளவு பெரிய வெள்ளை விரிப்பை விரித்துச் சுருட்டுகிறது. ஜனவரி அளவு மட்டுமே ஓராண்டுக்கும் மற்றோராண்டுக்கும் இடையில் இந்தியாவின் பரப்பை ஒத்த அளவுக்கு மாறுவது உண்டு.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துச் சொன்னால்: பனி என்பது மேகத்திலிருந்து விழும் படிகம். 'இந்த ஆண்டு பனி குறைவு' என்று யாராவது சொன்னால், பரப்பா, ஆழமா, நீர்ச்சமானமா என்று கேட்காமல் அதற்குப் பொருள் காண முடியாது.

ஐஸ் தொழிற்சாலை சொல்லும் பாடம்: குளிர் மட்டும் போதாது

காசிமேட்டில் விடிவதற்கு முன்னரே ஐஸ் பார்கள் அரைக்கப்பட்டு, மீன் கூடைகளிலும் படகுகளிலும் கொட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொழிற்சாலைக்குள் உப்பு நீர்த் தொட்டி ஒன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்விக்கப்பட்டிருக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய நீண்ட தகரப் பெட்டிகளை அதற்குள் இறக்கி வைப்பார்கள். தண்ணீர் உறைந்து பாளமாகும். மின்சாரம் நின்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மின்சாரம் இருந்தும் பெட்டியில் தண்ணீர் இல்லையென்றால், தொட்டி எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு ஐஸ் கட்டிகூடக் கிடைக்காது.

பனிக்கும் அந்த இரண்டும் வேண்டும்: குளிரும் வேண்டும், ஈரமும் வேண்டும். 'குளிர் அதிகம் என்றால் பனி அதிகம்' என்ற பரவலான எண்ணம் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறது. அண்டார்டிகாவின் உட்பகுதி பூமியிலேயே மிகக் குளிர்ந்த இடம். அங்கே ஓராண்டில் விழும் பனியை உருக்கினால் 50 மில்லிமீட்டர் தண்ணீர்கூடத் தேறாது. சென்னையில் ஒரு நல்ல ஐப்பசி இரவு அதைவிட அதிகமாகப் பெய்துவிடும். அங்கே பனி மலையாகக் குவிந்திருப்பதற்குக் காரணம், விழுந்த கொஞ்சமும் உருகாமல் பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்ததுதான். லடாக்கும் அப்படித்தான்: எலும்பை நடுக்கும் குளிர் உண்டு, ஆனால் அது ஒரு குளிர்ப் பாலைவனம்.

காற்று எவ்வளவு வெப்பமாக இருக்கிறதோ அவ்வளவு ஈரத்தைத் தாங்கும்; 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் கொள்திறன் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் வேர்வை காயாமல் தவிக்கும் நமக்கு, சூடான கடற்காற்று எவ்வளவு ஈரம் சுமக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதிலிருந்து வியப்பான ஒரு விளைவு பிறக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 15 டிகிரியாக இருக்கும் ஓரிடம் 2 டிகிரி சூடானாலும் அங்கே பனி உருகப் போவதில்லை. மாறாக, காற்றில் ஈரம் கூடியதால் பனி அதிகமாகவே விழலாம். சுழியத்துக்குக் கீழே 1 டிகிரியில் இருக்கும் இடம் அதே 2 டிகிரி சூடானால், பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து ஓடிவிடும். வெப்பம் கூடியது இரண்டு இடங்களிலும் ஒன்றே, விளைவுதான் நேரெதிர்.

புயல் எந்தப் பக்கம் போகிறது?

ஓராண்டுக்கும் மற்றோராண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், என் விடை காற்றின் வழித்தடம் என்பதே. இதை வடசென்னைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. நம் மழைக் கணக்கே அதில்தான் இருக்கிறது.

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. டிசம்பர் முதல் நாளிலும் மறுநாளிலும் ஊர் வெள்ளத்தில் மிதந்தது. 2018இல் வங்கக் கடலில் புயல் உருவாகாமல் இல்லை. கஜா புயல் நவம்பர் 16ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, டெல்டா மாவட்டங்களின் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. சென்னைக்கோ அந்தப் பருவத்தில் மழை பெரிதும் குறைந்து, 2019 கோடையில் புழல் ஏரியின் அடிமண் வெடித்துக் கிடந்தது. கடல் அதே கடல்தான், காலமும் அதே ஐப்பசி கார்த்திகைதான். சுழல்கள் வடக்கே வந்தனவா, தெற்கே போயினவா என்பதுதான் நம் வீட்டுக் குடத்தைத் தீர்மானித்தது.

வடக்கு நாடுகளின் பனியும் இப்படியே. அங்கே சுழல்களுக்கு வழிகாட்டுவது ஜெட் காற்றோட்டம். தரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றி வேகமாக ஓடும் ஒரு காற்றாறு அது. துருவத்துக் குளிர்காற்றுக்கும் தெற்கிலுள்ள வெப்பக்காற்றுக்கும் இடையிலான எல்லையை ஒட்டியே இந்த ஆறு ஓடுகிறது. அது நேராக ஓடுவதில்லை. பாலாறுபோல வளைந்து நெளிந்து ஓடும். ஒரு வளைவு தெற்கே இறங்கும் இடத்தில் துருவக் குளிர் கீழே வரும். அடுத்த வளைவு வடக்கே ஏறும் இடத்தில் இளஞ்சூடு மேலே போகும். வளைவுகள் சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிலைத்துவிடுவதுண்டு.

2014–15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. மேற்குக் கரையில் ஜெட் காற்றோட்டம் வடக்கே வளைந்து நின்றது. கலிஃபோர்னியாவுக்கு வர வேண்டிய சுழல்கள் அதைச் சுற்றிக்கொண்டு வடக்கே போயின. தப்பி வந்தவையும் சூடாக இருந்ததால் பனிக்குப் பதில் மழையைத் தந்தன. 2015 ஏப்ரல் 1ஆம் நாள் அங்குள்ள சியரா நெவாடா மலைத்தொடரின் பனி நீர்ச்சமானம், அந்நாளுக்குரிய வழக்கமான அளவில் 5 சதவீதமாக மட்டுமே இருந்தது. வழக்கமாகப் பனியில் கோலை ஊன்றி அளக்கும் இடத்தில், மாநில ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல்மேல் நின்று தண்ணீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தார். அதே குளிர்காலத்தில், அதே நாட்டின் கிழக்குக் கரையில், காற்றோட்டம் தெற்கே இறங்கிய பக்கத்தில், பாஸ்டன் நகரில் 270 சென்டிமீட்டருக்கும் மேல் பனி விழுந்து அந்நகரின் பழைய பதிவுகளை முறியடித்தது. அவ்வளவும் ஏறக்குறைய ஜனவரி கடைசி வாரத்துக்குப் பிறகுதான். அடுத்த குளிர்காலத்தில் அங்கே அதில் பாதிகூட விழவில்லை. கலிஃபோர்னியாவிலோ 2023 ஏப்ரலில் அதே கணக்கு வழக்கமான அளவில் 237 சதவீதத்தை எட்டியது.

பாஸ்டன் நம் ஊருக்கு அந்நியமான பெயரன்று. ஐஸ் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு, மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டி மரத்தூளில் பொதியப்பட்டு, பாஸ்டனிலிருந்து கப்பலில் மெட்ராஸுக்கு வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கட்டியதுதான் மெரினாக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்த ஏரிகளில் கட்டி வெட்டியவர்கள், மேலே விழுந்த பனியை உடனுக்குடன் சுரண்டித் தள்ளிவிடுவார்கள். பனிக்குள் சிக்கிய காற்று கம்பளிபோல நின்று, கீழேயுள்ள ஏரிநீர் மேலும் உறைவதைத் தடுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பனி குளிர்ச்சியானது, ஆனால் அதுவே ஒரு போர்வையும்கூட.

நம் இமயத்துக்கு வழித்தடம் வேறு. மத்தியதரைக் கடல் பக்கத்தில் பிறந்து, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேற்கிலிருந்து வரும் குளிர்காலச் சுழல்களை வானிலையாளர்கள் மேற்கத்திய இடையூறுகள் என்பர். பெயரில் இடையூறு இருந்தாலும், காஷ்மீரம், இமாசலம், உத்தராகண்டின் பனிக்கும், பஞ்சாபின் கோதுமைக்குக் கிடைக்கும் குளிர்கால மழைக்கும் அவையே ஆதாரம். அவை அடிக்கடி வந்தால், வலுவாக வந்தால், கூடவே குளிரும் அமைந்தால் அந்த ஆண்டு பனி உண்டு. காஷ்மீரத்து மக்கள் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாட்களைச் 'சில்லை கலான்', அதாவது பெருங்குளிர் என்று அழைக்கிறார்கள். அந்த நாற்பது நாட்களில் விழும் பனி இறுகி நெடுநாள் நிற்கும். பிப்ரவரியில் விழுவது மேலேறும் வெயிலில் விரைவில் கரையும். எனவே 2024இல் பனி தாமதமாக வந்து சேர்ந்தது என்பதை மட்டும் வைத்து 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. மழை நாற்று நடும்போது பெய்கிறதா, கதிர் முற்றியபின் பெய்கிறதா என்பதில் இருக்கும் வேறுபாடுதான் இதிலும் இருக்கிறது.

பம்பரமும் தாயக்கட்டையும்

காற்றோட்டத்தின் வளைவுகளை எது மாற்றுகிறது? இரண்டு காரணங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஆர்க்டிக் அலைவு. வட துருவத்தைச் சுற்றிக் குளிர்காற்று சுழன்றுகொண்டிருக்கிறது. வேகமாகச் சுற்றும் பம்பரம் ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்பதுபோல, அந்தச் சுழற்சி வலுவாக இருக்கும் ஆண்டில் குளிர் துருவத்தோடு அடங்கியிருக்கும். வேகம் குறைந்த பம்பரம் தள்ளாடுவதுபோல, சுழற்சி தளரும் ஆண்டில் குளிர் தெற்கே வழியும். இவ்விரு நிலைகளுக்கிடையே முன்னும் பின்னும் ஊசலாடுவதையே ஆர்க்டிக் அலைவு என்கிறார்கள். 2009–10 குளிர்காலத்தில் அது மிகவும் தளர்ந்த நிலையில் இருந்தது. 2010 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரம் பனியில் புதைந்து முடங்கியது.

இரண்டாவது எல் நினோ. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை அது. கிறிஸ்துமஸ் காலத்தில் கடல் சூடாவதைக் கண்ட பெரு நாட்டு மீனவர்கள், குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர் அது. சூடான கடல் மேலே உள்ள காற்றைச் சூடாக்கி, ஜெட் காற்றோட்டத்தின் வளைவுகளையே இடம் மாற்றிவிடும். வாஷிங்டன் புதைந்த அதே 2010 பிப்ரவரியில், எல் நினோவின் இளஞ்சூட்டில் கனடாவின் வான்கூவர் நகரம் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திக்கொண்டிருந்தது. போட்டிக்குரிய சைப்ரஸ் மலையில் பனி போதாமல், லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனியைக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

எல் நினோ வந்தால் இன்ன இடத்தில் இவ்வளவு பனி என்று அடித்துச் சொல்ல முடியுமா என்றால், முடியாது. தாயக்கட்டையின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் ஈயம் வைத்ததைப் போன்றது அது. ஒரு பக்கம் அடிக்கடி விழும். ஒவ்வொரு முறையும் விழாது. 2015 வெள்ளத்தின்போதும் எல் நினோதான். ஆனால் ஒவ்வொரு எல் நினோவிலும் சென்னை மூழ்குவதில்லை என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

சுருங்கச் சொன்னால், குளிரும் ஈரமும் சந்திக்க வேண்டும். அவை எங்கே சந்திக்கின்றன என்பதை ஜெட் காற்றோட்டம் தீர்மானிக்கிறது. அந்தக் காற்றோட்டத்தைத் துருவமும் கடலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. இதனால்தான் ஓரிடத்தில் பனி பொய்த்த ஆண்டே மற்றோரிடத்தில் பனி கொட்டிய ஆண்டாகவும் அமைகிறது.

பூஜ்ஜியம் டிகிரிக் கோடு

மலையில் மேலே ஏற ஏறக் குளிரும். 1 கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். எந்த உயரத்துக்கு மேலே பனி நிலைக்கிறதோ அந்த எல்லையைப் பனிக்கோடு என்பர். காற்று 1 டிகிரி சூடானால் அந்தக் கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலேறும் என்று இந்தக் கணக்கிலிருந்தே பெறலாம்.

150 மீட்டர் என்பது பெரிதா சிறிதா? அது நிலத்தின் சரிவைப் பொறுத்தது. காசிமேட்டுக் கரையில் கருங்கல் கொட்டிய தடுப்பில், கடல் ஓர் அடி ஏறினாலும் நீரின் ஓரம் அங்கேயேதான் நிற்கும். பழவேற்காட்டுச் சேற்றுப் பரப்பில் அதே ஓர் அடி ஏறினால், தண்ணீர் நெடுந்தொலைவு உள்ளே வந்துவிடும். செங்குத்தான மலையில் பனிக்கோடு 150 மீட்டர் ஏறினால் பனிப்பரப்பு கொஞ்சம்தான் குறையும். மென்சரிவான மேட்டு நிலத்திலும் சமவெளியிலும் அதே மாற்றம் பெரும் பரப்பை வெறுமையாக்கிவிடும். ஐரோப்பிய, அமெரிக்கச் சமவெளிகளில், குளிர்காலச் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும் பகுதிகளில்தான் பனிப்பரப்பு ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஆடுகிறது. வடக்கு சைபீரியாவில் நடுக்குளிர்காலத்தில் எந்த ஆண்டானாலும் நிலம் வெள்ளைதான்.

விழுந்த பனி எவ்வளவு நாள் நிற்கும்?

மீன் கூடையில் போட்ட ஐஸ், தான் முழுதும் கரையும்வரை மீனைக் கெடாமல் காப்பாற்றுகிறது. 1 கிராம் பனிக்கட்டியை உருக்க மட்டுமே 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு 1 கிராம் தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். வெப்பநிலையை உயர்த்தாமல் நிலைமாற்றத்துக்கே செலவாகும் இந்த வெப்பம் உள்ளுறை வெப்பம் எனப்படும். பனி மூடிய நிலம் வசந்தம் வந்த பின்னும் நெடுநாள் குளிர்ந்தே கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் அதன் வெண்மை. கோடையில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் கீழ் அறை கொஞ்சம் தணியும். புதுப்பனி தன்மேல் படும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேலாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வெறும் மண் 10 முதல் 25 சதவீதம்வரைதான் திருப்பும். இந்தத் திறனுக்கு எதிரொளிதிறன் என்று பெயர். ஆகவே, பனி இருந்தால் வெயில் திரும்பிப் போகும், குளிர் நீடிக்கும், பனி மேலும் நிற்கும். ஓரத்தில் கொஞ்சம் மண் தெரியத் தொடங்கிவிட்டால், அந்த மண் சூடேறிப் பக்கத்துப் பனியையும் உருக்கும். தொடக்கத்தில் இருந்த சிறிய வேறுபாடு இப்படித் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. கரித்தூள் படிந்த மாடி எப்படிக் கொதிக்கும் என்று எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். புகையும் கரியும் படிந்த பனியும் அப்படியே வெயிலை உறிஞ்சி விரைவாக உருகுகிறது.

அலையும் ஓதமும்

இனித் தேநீர்க் கடைத் தீர்ப்புகளுக்கு வரலாம். கடற்கரையில் நின்று ஓர் அலையைப் பார்த்து, கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று எந்த மீனவரும் சொல்லமாட்டார். பல அலைகள் எதுவரை வந்து திரும்புகின்றன என்று கொஞ்ச நேரம் பார்த்துத்தான் ஓதத்தை அறிவார். ஒரு குளிர்காலம் என்பது ஓர் அலை. பாஸ்டனில் விழுந்த பனி உலகம் சூடாகவில்லை என்பதற்குச் சான்றாகாது. குல்மார்க்கின் வெறுஞ்சரிவு மட்டுமே உலகம் சூடாகிவிட்டது என்பதற்கும் சான்றாகாது. அதனால்தான் வானிலையாளர்கள் முப்பது ஆண்டுச் சராசரியை 'இயல்பு' என்று வைத்துக்கொண்டு, அதனோடு ஒவ்வோர் ஆண்டையும் ஒப்பிடுகிறார்கள். இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான இயல்பு.

அரை நூற்றாண்டுக்கும் மேலான செயற்கைக்கோள் பதிவில் ஓதம் தெரிகிறதா? தெரிகிறது, ஆனால் எல்லா மாதங்களிலும் ஒரே அளவில் அல்ல. வட அரைக்கோளத்தில் வசந்தகாலப் பனிப்பரப்பு தெளிவாகக் குறைந்து வருகிறது; ஜூன் மாதத்தில் அந்தக் குறைவு மிகப் பெரிது. நடுக்குளிர்காலத்தில் அவ்வளவு தெளிவான இறக்கம் இல்லை. மேலே சொன்னவற்றை நினைவில் வைத்திருந்தால் இதில் வியப்பில்லை. கடுங்குளிர் மாதங்களில் வடக்கு நிலம் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இருக்கிறது. கொஞ்சம் சூடானாலும் பனி நிற்கும். வசந்தத்தில் வெப்பநிலை பூஜ்ஜியக் கோட்டைத் தொடுகிறது; அப்போது கூடுதலாக வரும் ஒவ்வொரு டிகிரியும் நேரே பனியைத் தின்கிறது. எனவே ஜனவரிச் செய்தியைவிட ஏப்ரல், மே, ஜூன் மாதக் கணக்குகளைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன்.

புழலுக்கும் பனிக்கும் நடுவே

'நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்ற கேள்வி நியாயமானது. நம் குழாயில் வருவது பனி உருகிய நீர் அன்று. பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளை நிரப்புவது வடகிழக்குப் பருவமழையும், கண்டலேறு கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீரும். கிருஷ்ணா பிறப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில். அங்கே பனி இல்லை. சிந்து ஆற்றுக்கு உருகும் பனி உயிர்நாடி, கங்கைக்கு அதைவிடக் குறைவு, நமக்கு நேரடியாக ஒன்றுமில்லை.

ஆயினும் மறைமுகமான ஓர் இழை உண்டு. அதைத் தேடத் தூண்டியது நம் மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 பெரும்பஞ்சம். 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவரான பிளான்ஃபோர்டு, 1884இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: இமயத்தில் பனி மிகுந்து நெடுநாள் நின்றால், அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழை குறையும். பருவக்காற்றை உள்ளே இழுப்பது கோடையில் சூடேறும் நிலம். வெயிலின் ஒரு பங்கு வெண்மையால் திருப்பி அனுப்பப்பட்டு, மறு பங்கு பனியை உருக்கவும் ஈரமண்ணைக் காயவைக்கவும் செலவாகிவிட்டால், நிலம் சூடேறத் தாமதமாகும், இழுப்பும் தளரும். இதை அடிப்படையாக வைத்தே 1886 ஜூன் 4ஆம் நாள் நாட்டின் முதல் அதிகாரபூர்வமான பருவமழை முன்கணிப்பு வெளியானது. 1976இல் ஹான், சுக்லா என்ற இரு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் பதிவைக் கொண்டு, ஐரோப்பா ஆசிய நிலப்பரப்பின் பனியிலும் அதே எதிர்த்தொடர்பைக் கண்டார்கள்.

அந்தத் தொடர்பு ஒவ்வோர் ஆண்டும் பலிப்பதில்லை. 1904 முதல் 1924 வரை அத்துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பனியை மட்டும் நம்பாமல் உலகெங்கும் காற்றழுத்தப் பதிவுகளைத் தேடிப் போனார். அந்தத் தேடலில்தான் பசிபிக்கின் இருபுறமும் அழுத்தம் மாறி மாறி ஏறியிறங்கும் தென் அலைவைக் கண்டறிந்தார். எல் நினோவோடு பிணைந்திருப்பது அதுவே. இன்று முன்கணிப்பில் பனி பல காரணிகளுள் ஒன்று. தொலைவில் ஒரு மேட்டு நிலத்தில் வசந்தம்வரை நின்ற பனி, ஆடி மாதத்தில் மகாபலேஷ்வரத்து மலையில் பெய்யும் மழையைக் கொஞ்சம் அசைக்கலாம். அந்த மழை கிருஷ்ணாவில் இறங்கி, அணைகளையும் கால்வாயையும் கடந்து, பூண்டி வழியாகப் புழலுக்கு வந்து சேர்கிறது.

தேநீர்க் கடைத் தம்பிக்கு இதைச் சொன்னபோது, அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப அங்க பனி ஜாஸ்தின்னா நமக்கு தண்ணி கம்மியாண்ணா?" சில ஆண்டுகளில் அப்படி, சில ஆண்டுகளில் இல்லை என்றேன். அடுத்த ஜூனில் இருவரும் சேர்ந்து ஏரியின் நீர்மட்டத்தையும் வடக்கின் பனிக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதாக இருக்கிறோம்.